விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் பாஸ்வேர்டுகள்: ஒரே கமாண்டில் பட்டியல் பார்க்கலாம்

வீட்டில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டரைத் திறக்க முயல்கிறோம். ஒரு சிறிய விண்டோ தோன்றி யூசர் நேம், பாஸ்வேர்ட் ஆகிய இரண்டையும் கேட்கிறது. அவற்றின் கீழே "ரிமெம்பர் மை கிரெடென்ஷியல்ஸ்" என்ற வரியும், அதன் அருகே ஒரு சிறிய கட்டமும் உள்ளன. அடுத்த முறை டைப் செய்யும் வேலை மிச்சம் என்று அந்தக் கட்டத்தில் டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே தட்டி விடுகிறோம். மறுநாள் முதல் விண்டோஸ் எதையும் கேட்பதில்லை. கதவு தானாகத் திறந்து கொள்கிறது.

நாம் அதை மறந்து விடுகிறோம். விண்டோஸ் மறப்பதில்லை. இப்படி டிக் செய்த ஒவ்வொரு இடத்தின் சாவியும் உங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. எந்தெந்தச் சாவிகள் இருக்கின்றன, அவற்றில் எது இன்னும் தேவை, எதை நீக்க வேண்டும் என்பதை ஒரு சிறிய கமாண்ட் கொண்டு தெரிந்து கொள்ளலாம். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

கிரெடென்ஷியல் என்றால் என்ன?

பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. ஓர் இடத்தின் பெயர், அங்கு நுழைவதற்கான யூசர் நேம், அதற்குரிய பாஸ்வேர்ட் ஆகிய மூன்றும் சேர்ந்ததே விண்டோஸ் சேமித்து வைக்கும் ஒரு கிரெடென்ஷியல். அந்த இடம் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டராக இருக்கலாம். அலுவலகக் கம்ப்யூட்டராக இருக்கலாம். பைல்களைப் பொதுவாகச் சேமித்து வைக்க ரௌட்டருடன் இணைத்த ஹார்ட் டிஸ்க் பெட்டியாகவும் இருக்கலாம்.

விண்டோஸ் எக்ஸ்பி 2001ல் வந்தபோதே இந்த வசதி இருந்தது. 2007ல் வந்த விஸ்டாவில் இன்று நாம் பார்க்கப் போகும் கமாண்ட் இணைக்கப்பட்டிருந்தது. 2009ல் வந்த விண்டோஸ் 7ல், கன்ட்ரோல் பேனலில் "கிரெடென்ஷியல் மேனேஜர்" என்ற பெயரில் தனி இடமே தரப்பட்டது. விண்டோஸ் 11லும் இவை இரண்டும் உள்ளன. எனவே புதிதாக எந்த சாப்ட்வேரும் டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை.

ஒரு சிறு குறிப்பு

கமாண்டுகளை இங்கு தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்திட வேண்டும். முதல் முறை வரும் இடத்தில் ஒவ்வொரு எழுத்தின் பெயரும் தனித்தனியே தரப்பட்டுள்ளது. பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்ற கவலை வேண்டாம், இரண்டும் ஒன்றே. வலப்புறம் சாய்ந்த கோடாகிய / என்பது ஸ்லாஷ். இது கேள்விக்குறி உள்ள கீயில் இருக்கும். இடப்புறம் சாய்ந்த \ என்பது பேக் ஸ்லாஷ். நம் ஊர் கீ போர்டுகளில் பெரும்பாலும் என்டர் கீக்கு மேலே இருக்கும். இந்த இரண்டையும் மாற்றி டைப் செய்தால் கமாண்ட் வேலை செய்யாது.

பட்டியலைப் பெறும் வழி

1. கீ போர்டில் விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஆர் கீயை அழுத்தவும். ரன் என்ற சிறிய கட்டம் கிடைக்கும்.

2. அதில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கருப்பு நிறத்தில் கமாண்ட் பிராம்ப்ட் விண்டோ திறக்கும்.

3. இப்போது கமாண்டின் பெயரை டைப் செய்திடவும். எழுத்துகள் ஆறு: சி, எம், டி, கே, இ, ஒய். இடையில் இடைவெளி கூடாது. இதனைப் படிக்கும்போது சிஎம்டிகீ என்று சொல்லலாம்.

4. பிறகு ஓர் இடைவெளி விட்டு, ஒரு ஸ்லாஷ். அதை ஒட்டி எல், ஐ, எஸ், டி என்ற எழுத்துகள். அதாவது முழுக் கமாண்ட்:

சிஎம்டிகீ /லிஸ்ட்

என்டர் தட்டியவுடன் பட்டியல் தோன்றும். இது பார்ப்பதற்கு மட்டுமான கமாண்ட். எதையும் மாற்றாது, அழிக்காது. பயமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் இயக்கிப் பார்க்கலாம். எதுவும் சேமிக்கப்படவில்லை என்றால் "நன்" என்ற ஒரு சொல் மட்டும் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது: இந்தப் பட்டியல் இப்போது விண்டோஸில் நுழைந்திருக்கும் யூசருக்கு மட்டும் உரியது. உங்கள் அக்கவுன்டில் இருந்து இயக்கினால் உங்கள் பட்டியல் கிடைக்கும். உங்கள் மகளின் அக்கவுன்டில் உள்ளவை அதில் வராது. எனவே வீட்டில் மூன்று பேருக்குத் தனித்தனி அக்கவுன்ட் இருந்தால், மூன்றிலும் நுழைந்து பார்த்திட வேண்டும்.

பட்டியலைப் படிப்பது எப்படி?

ஹாலில் உள்ள கம்ப்யூட்டரின் பெயர் ஹால்பிசி என்று வைத்துக் கொள்வோம். அதில் அப்பா என்ற யூசர் நேம் உள்ளது. உங்கள் லேப்டாப்பில் இருந்து அதன் போட்டோ ஃபோல்டரைத் திறந்து, பாஸ்வேர்டை நினைவில் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பட்டியலில் அது இப்படி இருக்கும்:

டார்கெட்: டொமைன்:டார்கெட்=ஹால்பிசி
டைப்: டொமைன் பாஸ்வேர்ட்
யூசர்: ஹால்பிசி\அப்பா

டார்கெட் என்பது சாவி எந்தக் கதவுக்கு உரியது என்பதைக் காட்டுகிறது. யூசர் என்பது யார் பெயரில் நுழைகிறோம் என்பது. டைப் என்பது சாவியின் வகை. இதில் இரண்டு வகைகளைத் தெரிந்து கொண்டால் போதும்.

டொமைன் பாஸ்வேர்ட்: ஷேர் செய்யப்பட்ட ஃபோல்டர், ரிமோட் டெஸ்க்டாப் போன்றவற்றுக்காக விண்டோஸே பயன்படுத்தும் சாவி. வீட்டில் டொமைன் எதுவும் இல்லாவிட்டாலும் இதே பெயரில்தான் காட்டப்படும். டார்கெட் பெயர் டெர்ம்எஸ்ஆர்வி என்று தொடங்கினால் அது ரிமோட் டெஸ்க்டாப் மூலம் நீங்கள் நுழைந்த கம்ப்யூட்டர்.

ஜெனரிக்: மற்ற புரோகிராம்கள் தங்கள் தேவைக்காகச் சேமித்து வைத்த சாவி. இதனை அந்தந்தப் புரோகிராமே எடுத்துப் பயன்படுத்திக் கொள்ளும்.

சில பதிவுகளின் கீழ் "லோக்கல் மெஷின் பெர்சிஸ்டன்ஸ்" என்று இருக்கும். இந்தக் கம்ப்யூட்டரில் தொடர்ந்து இருக்கும் சாவி என்று பொருள். "சேவ்ட் ஃபார் திஸ் லாகான் ஒன்லி" என்று இருந்தால், நீங்கள் லாக் ஆஃப் செய்தவுடன் அது மறைந்து விடும்.

நான் சேர்க்காதது எப்படி வந்தது?

முதல் முறை பட்டியலைப் பார்ப்பவர்கள் பலர் திடுக்கிடுவது இங்குதான். "வர்ச்சுவல்ஆப்/டிட்லாஜிகல்" என்று ஒரு டார்கெட் இருக்கலாம். அதன் யூசர் இடத்தில் 02 என்று தொடங்கும் புரியாத எழுத்துகளும் எண்களும் இருக்கும். இது வைரஸ் அல்ல. மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் சேவைகளுக்காக விண்டோஸ் தானே ஏற்படுத்திக் கொள்வது. இதே போல மைக்ரோசாப்ட் ஆஃபீஸ், எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றின் பெயரிலும் பதிவுகள் இருக்கலாம். புரியவில்லை என்பதற்காக இவற்றை அழிக்க வேண்டாம். அழித்தால் அந்தப் புரோகிராம் மீண்டும் உங்களை சைன் இன் செய்யச் சொல்லும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. முன்பு வேலை பார்த்த அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பெயர், நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டர் பெயர், இப்போது இல்லாத பழைய கம்ப்யூட்டரின் பெயர் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவை தேவையற்ற சாவிகள்.

பாஸ்வேர்ட் எங்கே?

பட்டியலில் பாஸ்வேர்ட் இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். சேமித்த பாஸ்வேர்டை இந்தக் கமாண்ட் எந்த நிலையிலும் காட்டாது. கிரெடென்ஷியல் மேனேஜரில் உள்ள விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியிலும் புள்ளிகள்தான் தெரியும். விண்டோஸ் 2000ல் அறிமுகமான ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டின் மூலம் இந்தப் பாஸ்வேர்டுகள் சங்கேத வடிவில் மாற்றிச் சேமிக்கப்படுகின்றன. அந்தச் சங்கேதத்தைத் திறக்கும் சாவி, நீங்கள் விண்டோஸில் நுழையும்போது தரும் லாகான் பாஸ்வேர்டுடன் பிணைக்கப்பட்டுள்ளது.

அப்படியானால் கவலை இல்லை என்று எண்ணி விடாதீர்கள். இந்தப் பாடத்தில் நீங்கள் மனதில் பதிய வைக்க வேண்டியது இதுதான்: பாஸ்வேர்டைப் பார்க்க முடியாது என்பது வேறு, பயன்படுத்த முடியாது என்பது வேறு.

உங்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்து விட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். அதன் முன் வந்து அமரும் ஒருவருக்கு ஹால்பிசியின் பாஸ்வேர்ட் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஃபோல்டரை டபுள் கிளிக் செய்தால் போதும். விண்டோஸ் தானே சாவியை எடுத்துக் கதவைத் திறந்து கொடுக்கும். உங்கள் அக்கவுன்டில் நுழைந்து இயங்கும் வைரஸ் புரோகிராமுக்கும் இதே வசதி கிடைக்கும். ஜெனரிக் வகைச் சாவிகளை அது படித்தும் விடலாம்.

சாவிக்கொத்தை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பீரோ சாவியை அதன் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைப்பது போன்றது, லாகான் பாஸ்வேர்ட் இல்லாமல் கம்ப்யூட்டர் வைத்திருப்பது. எனவே ஒவ்வொருவருக்கும் தனி அக்கவுன்ட், ஒவ்வொன்றுக்கும் பாஸ்வேர்ட், எழுந்து போகும்போது விண்டோஸ் கீயுடன் எல் கீ அழுத்திப் பூட்டுதல் ஆகிய மூன்று பழக்கங்களும் தேவை.

இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டரில் ஏற்படுத்திய லோக்கல் அக்கவுன்டின் பாஸ்வேர்ட் மறந்து விட்டது என்று, அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்டில் இருந்து வேறொருவர் அதனை ரீசெட் செய்தால், சேமித்து வைத்த இந்தச் சாவிகளைத் திறக்க முடியாமல் போய்விடும். பழைய பாஸ்வேர்டைத் தந்து நீங்களே மாற்றினால் இந்தப் பிரச்னை வராது. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்திக் கிடைக்கும் திரையில் இதற்கான வழி உள்ளது.

தேவையற்றதை நீக்குதல்

ஹால்பிசியின் பதிவை நீக்க வேண்டும். டார்கெட் வரியில் சமக்குறிக்குப் பின் உள்ள பெயரை அப்படியே எடுத்துக் கொள்ளவும். கமாண்ட் இதோ:

சிஎம்டிகீ /டெலிட்:ஹால்பிசி

டெலிட் என்ற சொல்லுக்குப் பின் கோலன் வர வேண்டும். கோலனுக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடாது. சரியாகச் செய்திருந்தால், கிரெடென்ஷியல் நீக்கப்பட்டது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி கிடைக்கும். பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் அப்படி ஒன்று இல்லை என்று செய்தி வரும். நீக்கிய பின் மீண்டும் /லிஸ்ட் கொடுத்துச் சரி பாருங்கள்.

நீக்கிய பிறகும் ஹால்பிசியின் ஃபோல்டர் திறக்கிறதே என்று வியக்கலாம். ஏற்கெனவே ஏற்பட்ட இணைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பதே காரணம். சாவியை வாங்கிக் கொண்டோம். ஆனால் உள்ளே சென்றவர் வெளியே வரவில்லை. லாக் ஆஃப் செய்து மீண்டும் நுழைந்தால் இணைப்பு அறுந்து விடும். அல்லது நெட் யூஸ் என்ற கமாண்டை இயக்கவும். என், இ, டி, ஓர் இடைவெளி, யு, எஸ், இ. இப்போதுள்ள இணைப்புகளை அது காட்டும். அதில் போட்டோ ஃபோல்டரை மட்டும் துண்டிக்க:

நெட் யூஸ் \\ஹால்பிசி\போட்டோஸ் /டெலிட்

பாஸ்வேர்டை மாற்றிய பின் வரும் தொல்லை

ஹால்பிசியில் அப்பா தன் பாஸ்வேர்டை மாற்றி விடுகிறார். உங்கள் லேப்டாப்பிற்கு அது தெரியாது. பழைய சாவியையே மீண்டும் மீண்டும் நீட்டிக் கொண்டிருக்கும். அனுமதி இல்லை என்ற செய்தி உங்களுக்குக் கிடைக்கும். தவறான பாஸ்வேர்ட் பல முறை சென்றதால் அப்பாவின் அக்கவுன்ட் சற்று நேரம் பூட்டப்படவும் கூடும். நேற்று வரை வேலை செய்தது இன்று ஏன் செய்யவில்லை என்று கேபிளைக் கழற்றி மாட்டும் முன், ஒரு முறை /லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள். பழைய பதிவை நீக்கி விட்டுப் புதிதாகச் சேர்த்தால் பிரச்னை தீரும். சேர்ப்பதற்கான கமாண்ட்:

சிஎம்டிகீ /ஆட்:ஹால்பிசி /யூசர்:ஹால்பிசி\அப்பா /பாஸ்

ஆட் என்பது ஏ, டி, டி. பாஸ் என்பது பி, ஏ, எஸ், எஸ். இத்துடன் நிறுத்தி என்டர் தட்டினால் பாஸ்வேர்டை டைப் செய்யும்படி கேட்கும். நீங்கள் டைப் செய்யும் எழுத்துகள் திரையில் தெரியாது. கீ போர்ட் பழுது என்று எண்ணாமல் முழுவதும் டைப் செய்து என்டர் தட்டவும். பாஸ் என்ற சொல்லுக்குப் பின் கோலன் போட்டுப் பாஸ்வேர்டையும் அதே வரியில் தர இயலும். ஆனால் அது திரையில் வெளிப்படையாகத் தெரியும். அந்த விண்டோ மூடப்படும் வரை, மேல் நோக்கிய அம்புக்குறி கீயை அழுத்துபவர் எவரும் அதைப் பார்க்கலாம். எனவே அந்த வழி வேண்டாம்.

இங்கு புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. முதலாவது, விண்டோஸில் நுழைய நீங்கள் பயன்படுத்தும் பின் நம்பர் நெட்வொர்க்கில் செல்லாது. அது அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியது. நெட்வொர்க்கில் அக்கவுன்டின் உண்மையான பாஸ்வேர்டைத் தர வேண்டும். இரண்டாவது, பாஸ்வேர்டே இல்லாத லோக்கல் அக்கவுன்டைக் கொண்டு நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஹால்பிசியில் அப்பாவின் அக்கவுன்டுக்கு முதலில் ஒரு பாஸ்வேர்ட் ஏற்படுத்த வேண்டும்.

வை-ஃபை பாஸ்வேர்ட் மட்டும் தெரியும்

சிஎம்டிகீ பட்டியலில் வை-ஃபை பாஸ்வேர்ட் இருக்காது. அது வேறிடத்தில் சேமிக்கப்படுகிறது. அதற்கான கமாண்ட் நெட்எஸ்எச். எழுத்துகள்: என், இ, டி, எஸ், எச். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்டைத் தேடி, ரைட் கிளிக் செய்து, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறந்து கொள்வது நல்லது. பின் இந்த வரியைத் தரவும்:

நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ ப்ரொஃபைல்ஸ்

டபிள்யூலேன் என்பது டபிள்யூ, எல், ஏ, என். இதுவரை இணைந்த வை-ஃபை நெட்வொர்க்குகளின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். ஒன்றின் பாஸ்வேர்ட் வேண்டுமென்றால், வீட்டு நெட்வொர்க்கின் பெயர் மல்லிகை என்று கொண்டு:

நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ ப்ரொஃபைல் நேம்="மல்லிகை" கீ=கிளியர்

கிடைக்கும் விவரங்களில் "கீ கன்டென்ட்" என்ற வரியைப் பாருங்கள். பாஸ்வேர்ட் அப்படியே எழுத்தில் தெரியும். ரௌட்டர் பாஸ்வேர்டை எழுதி வைத்த சீட்டு தொலைந்து போனவர்களுக்கு இது பெரிய உதவி. அதே வேளையில், உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடம் அமர்பவர் உங்கள் வீட்டு வை-ஃபை பாஸ்வேர்டை எழுதிக் கொண்டு போய்விட முடியும் என்பதையும் இது காட்டுகிறது. பயன்படுத்தாத நெட்வொர்க்குகளை நீக்க, ஷோ என்ற இடத்தில் டெலிட் என்று தந்து, கீ=கிளியர் என்பதை விட்டு விடவும்.

இவற்றை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் செய்து பாருங்கள். பிறருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின் கீழ் குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

இந்தப் பட்டியலில் வராதவை

குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் போன்ற பிரவுசர்களில் சேமித்த இணையதளப் பாஸ்வேர்டுகள் இந்தப் பட்டியல்களில் வராது. அவற்றை அந்தந்தப் பிரவுசரின் செட்டிங்ஸ் பகுதியில்தான் பார்க்க வேண்டும். எனவே பட்டியல் காலியாக இருக்கிறது என்பதால் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டே இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

கம்ப்யூட்டரைக் கை மாற்றும் முன்

பழைய கம்ப்யூட்டரை உறவினருக்குக் கொடுக்கிறோம், எக்ஸ்சேஞ்சில் தருகிறோம், பழுது பார்க்கக் கடையில் விடுகிறோம். போட்டோக்களையும் கடிதங்களையும் காப்பி செய்து அழிப்பவர்கள்கூட இந்தச் சாவிகளை நினைப்பதில்லை. பழுது பார்க்கத் தரும்போது, கம்ப்யூட்டர் இயங்கும் நிலையில் இருந்தால், மேலே சொன்ன இரண்டு பட்டியல்களையும் பார்த்து முக்கியமானவற்றை நீக்கி விடவும். லாகான் பாஸ்வேர்டைக் கடையில் எழுதிக் கொடுத்திருந்தால், திரும்பி வந்தவுடன் அதனை மாற்றவும். நிரந்தரமாகக் கொடுத்து விடுவதாக இருந்தால், செட்டிங்ஸ் பகுதியில் ரெகவரி என்ற பிரிவில் உள்ள "ரீசெட் திஸ் பிசி" வசதியைப் பயன்படுத்தவும். அதில் எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, டிரைவைச் சுத்தம் செய்யும் வசதியையும் இயக்கவும். அதற்கு முன் தேவையான பைல்களை வேறிடத்தில் காப்பி செய்து கொள்ள மறக்க வேண்டாம்.

இன்றே ஒரு முறை கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து சிஎம்டிகீ /லிஸ்ட் என்று டைப் செய்து பாருங்கள். கிடைக்கும் ஒவ்வொரு பெயரையும் படித்து, இந்தச் சாவி எனக்கு இன்னும் தேவையா என்று கேட்டுக் கொள்ளுங்கள். தேவை என்றால் இருக்கட்டும். தேவையில்லாத, ஆனால் எதற்குரியது என்று நன்றாகத் தெரிந்த சாவிகளை நீக்கி விடுங்கள். பிறகு இரண்டு மாதத்திற்கு ஒரு முறை இதைச் செய்து வந்தால் போதும்.